பிள்ளைக்கு 18 முடிந்தால் ஜீவனாம்சமும் முடியுமா?

"பையனுக்குப் பதினெட்டு ஆயிடுச்சு, இனிமே நான் தர வேண்டியதில்லை" என்று அப்பா மாதப் பணத்தை நிறுத்திவிடுகிறார். அதுதான் சட்டம் போலிருக்கிறது என்று அம்மாவும் விட்டுவிடுகிறார். கேட்காமலே விடக்கூடிய விஷயம் இல்லை இது. மகனா மகளா, எந்தச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

பெரும்பாலானவர்கள் போவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில். 2024 ஜூலை 1 முதல் அது, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) சட்டத்தின் 144-வது பிரிவு. எந்த மதத்தவரும் இதில் மனு போடலாம். பெற்றோர் முறைப்படி மணந்தவர்களா என்பதும் இங்கே தடையில்லை. இந்தப் பிரிவின்படி பொது வரம்பு 18 வயதுதான். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும் அதற்குப் பிறகும் கிடைக்கும். மணமான மகளுக்கு இந்த விலக்கு கிடையாது.

மணமாகாத மகளுக்கு இன்னொரு வழி உண்டு, பலருக்கும் தெரியாதது இதுதான். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-ன் 20-வது பிரிவின்படி, சொந்த வருமானமோ சொத்தோ போதாத மகளை மணமாகும்வரை பராமரிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு. நியாயமான கல்யாணச் செலவும் இதில் அடக்கம். ஆனால் மேலே சொன்ன 125 அல்லது 144-வது பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட்ட பழைய மனுவிலேயே இதைக் கேட்க முடியாது. இந்தச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்க வேண்டும் என்று 2020-ல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கேயே கேட்கலாம். முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கு, மணமாகும்வரை தகப்பன் தர வேண்டும் என்று 1997-ல் நூர் சபா காத்தூன் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மகன் விஷயத்தில்தான் சிக்கல். பதினெட்டு முடிந்த மகனுக்கு இப்படி எழுதப்பட்ட உரிமை இல்லை. ஆனாலும் 2021-ல் ஒரு வழக்கில், முதல் பட்டம் வாங்கும்வரை மகனுக்குத் தகப்பன் பணம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காலேஜ் முதல் வருஷத்தில் இருக்கும் பையனைப் பாதியில் விட்டுவிட முடியுமா என்ன? பட்டப்படிப்புவரை என்று உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். பின்னால் போராடுவதைவிட அது மேல்.

தொகைக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. முன்பிருந்த 500 ரூபாய் வரம்பு 2001-லேயே நீங்கிவிட்டது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும். இரண்டும் 2020-ல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தவை. அம்மா வேலைக்குப் போகிறார் என்பதால் அப்பாவின் கடமை போய்விடாது. அம்மா நன்றாகச் சம்பாதித்தால் படிப்புச் செலவை விகிதப்படி பகிரச் சொல்லலாம்.

பாக்கியை மட்டும் கிடப்பில் போடாதீர்கள். 144-வது பிரிவில், பணம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அதை வசூலிக்க வாரண்ட் கிடைக்கும். மாதம் 8,000 ரூபாய் உத்தரவாகி இரண்டு வருஷம் வராமல் இருந்தால், இன்று போடும் மனுவில் கடைசி 12 மாதத்துக்கான 96,000 ரூபாயைத்தான் இந்த வழியில் கேட்கலாம். வாரண்டுக்குப் பிறகும் கட்டாத ஆளை ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீர்ந்துவிடாது, பணத்தைக் கட்டியே ஆக வேண்டும்.

பரஸ்பர விவாகரத்தில் "குழந்தைக்கும் இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்ட அம்மாக்கள் சோர்ந்துபோக வேண்டாம். தன் உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்கலாம், பிள்ளையின் உரிமையை அவர் விட்டுக்கொடுக்க முடியாது. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பழைய உத்தரவின் நகல், பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் அல்லது காலேஜ் ஃபீஸ் ரசீதுகள், பணம் வந்து நின்ற மாதத்தைக் காட்டும் பேங்க் பாஸ்புக் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.