இஎல்சிபி இருக்கிறதே என்ற தைரியம்

உயர் மின்னழுத்தச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால், மின்சாரத்தில் ஆர்வமுள்ளவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்பதுண்டு. இப்போதெல்லாம் அடிக்கடி வருவது ஒரு கேள்விதான்: பழைய மைக்ரோவேவ் அவனில் கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்து மரப்பலகையில் மின்னல் கோலம் போடலாமா? ஈரப் பலகையில் தீ கிளை கிளையாக ஊர்ந்து போவது பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. கூடவே இதையும் சொல்வார்கள்: "எங்க வீட்டுல இஎல்சிபி இருக்கு சார், அதனால பயமில்லை."

மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவிதான் இஎல்சிபி. பயப்பட வேண்டிய இடமே அதுதான். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்பதை மட்டுமே அந்தக் கருவி பார்க்கிறது. 30 மில்லியாம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் ட்ரிப் ஆகும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுற்றுகள் தனித்தனி. உயர் அழுத்தச் சுற்றில் கிளம்பும் கரண்ட் உங்கள் ஒரு கையில் ஏறி, மார்பைக் கடந்து, மறு கை வழியாக அதே சுற்றுக்குத்தான் திரும்பும். வீட்டு லைன் பக்கம் ஃபேஸும் நியூட்ரலும் அப்போதும் சமமாகவே இருக்கும். கரண்ட் அளவுக்கு மீறினால் மட்டும் துண்டிக்கும் எம்சிபிக்கோ நீங்களும் இன்னொரு லோடு, அவ்வளவுதான்.

அந்த டிரான்ஸ்ஃபார்மர் தருவது சுமார் 2000 வோல்ட். சில நூறு வோல்ட்டிலேயே தோலின் தடை உடைந்துவிடும். அப்புறம் உடம்புக்குள் மிஞ்சுவது ஏறக்குறைய 1000 ஓம். இதயத்துடிப்பைக் குலைக்க 100 மில்லியாம்பியர் போதும். இதுவோ அரை ஆம்பியரைச் சர்வசாதாரணமாகத் தள்ளும். "வோல்ட் கொல்லாது, ஆம்பியர்தான் கொல்லும்" என்பார்கள். கதவுக் கைப்பிடியில் சுரீரென்று அடிக்கும் பொறியிலும் ஆயிரக்கணக்கில் வோல்ட் உண்டு. ஆனால் அதன் ஆற்றல் மிகச் சொற்பம், கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரோ, பிளக்கைப் பிடுங்கும்வரை தீராது. அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் 2017இலேயே தன் நிகழ்ச்சிகளில் இந்தக் கோலத்தைத் தடை செய்துவிட்டது.

சரி, பிளக்கைப் பிடுங்கியாயிற்று. மைக்ரோவேவ் அவனுக்குள் மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர்? தானாக வடியட்டும் என்று அதற்குள் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது எரிந்துபோயிருந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. எங்கள் கூடத்தில் பெரிய கெப்பாசிட்டரை எர்த் ராடால் (தரையோடு இணைத்த, கொக்கி வைத்த கம்பி) தொட்டு, பொறி அடித்த பிறகும் ராடை எடுப்பதில்லை. எடுத்தால் சிறிது நேரத்தில் மின்னழுத்தம் மறுபடி ஏறும். உள்ளே மின்காப்புப் பொருளில் தங்கிய மின்னூட்டம் மெல்ல வெளிவரும். அதனால் ராடின் கொக்கி மாட்டியபடியே தொங்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும். தனியாக யாரும் வேலை செய்வதும் கிடையாது.

கையுறை பற்றியும் கேட்கிறார்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைக்கு மின்சாரத்தில் எந்த மதிப்பும் இல்லை. மின்பணிக்கான 'கிளாஸ் 0' உறைகூட 1000 வோல்ட் வரைதான். ஒவ்வொரு முறையும் அதன் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டுவோம்.

டெஸ்லா காயில் (உயர் அதிர்வெண் கரண்டால் நீளப் பொறி விடும் கருவி) செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயர் அதிர்வெண் கரண்ட் தோலோடு போய்விடும் என்பது கட்டுக்கதை. நரம்புக்கு உறைக்காததால் வலி தெரிவதில்லை, ஆனால் உள்ளே சுடும். அதற்கு ஊட்டம் தரும் டிரான்ஸ்ஃபார்மரோ மேலே சொன்ன ரகம்தான்.

யாராவது மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். தோலில் சின்னப் புள்ளி மட்டும் இருக்க, உள்ளே தசை வெந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். சிறுநீர் கறுத்துப் போவது அதன் அறிகுறி. எத்தனை வோல்ட், எந்தக் கையில் ஏறியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டு ஸ்விட்சில் ஷாக் அடித்தது என்று மழுப்பினால், டாக்டர் தேட வேண்டிய காயத்தைத் தேடாமலே அனுப்பிவிடக்கூடும்.