பழைய கார்ல ஆயில் பிரஷர் மீட்டர்: முள் இறங்குனா சந்தேகம் யார் மேல?

மாருதி 800 மாதிரி பழைய வண்டிகள்ல ஆயிலுக்குன்னு டேஷ்போர்டுல இருக்கறது ஒரே ஒரு சிவப்பு லைட்டுதான். அதுக்குப் பின்னாடி இருக்கற சுவிட்ச், பெரும்பாலான வண்டிகள்ல, பிரஷர் 0.3 லேருந்து 0.5 பாருக்கு (பார்ங்கறது பிரஷரை அளக்கற அலகு) இறங்குனாதான் ஒட்டி லைட்டை எரிய வைக்கும். ஹைவேல 3 பார் இருக்க வேண்டிய இன்ஜின்ல 1 பார்தான் இருக்குன்னா கூட அந்த லைட் எரியாது, எரியும்போது பேரிங் ஏற்கனவே அடி வாங்க ஆரம்பிச்சிருக்கும். அதனால பழைய இன்ஜினை ஆசையா வெச்சு ஓட்டறவங்க முதல்ல மாட்ட வேண்டியது ஸ்டீரியோவைவிட ஆயில் பிரஷர் மீட்டரைத்தான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

முள் எதைக் காட்டுதுன்னு முதல்ல புரியணும். பம்ப் ஆயிலைத் தள்ளுது, அவ்வளவுதான். தள்ளுன ஆயில் கிராங்க் (இன்ஜினோட சுழலற தண்டு) பேரிங்ல இருக்கற மெல்லிசான இடைவெளி வழியா வெளிய போகப் பாக்குது, அந்த இடைவெளி குடுக்கற தடைதான் மீட்டர்ல பிரஷரா வந்து நிக்குது. இடைவெளி தேஞ்சு 2 மடங்கானா, அதே பிரஷர்ல கசிவு 2×2×2, அதாவது 8 மடங்காகும், அதனாலதான் கொஞ்சமா தேஞ்ச பேரிங் கூட முள்ளை நல்லாவே இறக்கிடுது. சூடும் இதே வேலையைச் செய்யும், 20டபிள்யூ-50 ஆயிலோட கெட்டித்தன்மை 40 டிகிரிலேருந்து 100 டிகிரிக்குப் போறதுக்குள்ள சுமாரா எட்டுல ஒரு பங்கா குறைஞ்சிடும். காலைல ஸ்டார்ட் பண்ணதும் முள் மேல நிக்கறதும், டிராபிக்ல சூடாகி ஐடிலிங்ல கீழ படுக்கறதும் இயல்புதான், பயப்பட வேண்டாம். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார்னு பட்டறைல ஒரு பழைய கணக்கு உண்டு, ஆனா வண்டியோட மேனுவல்ல என்ன இருக்கோ அதுதான் சரி.

ஒயரிங் சுலபம். இக்னிஷன் ஆன் பண்ணா மட்டும் 12 வோல்ட் வர்ற இடத்துலேருந்து சின்ன பியூஸ் வழியா மீட்டருக்கு ஒரு ஒயர், மீட்டர்லேருந்து பாடி எர்த்துக்கு ஒண்ணு, எஸ்னு போட்டிருக்கற முனைலேருந்து இன்ஜின்ல இருக்கற சென்சாருக்கு (பிரஷருக்கு ஏத்த மாதிரி இதோட மின்தடை மாறும்) ஒண்ணு, உள்ள பல்புக்கு பார்க் லைட் ஒயர்லேருந்து ஒண்ணு. பழைய லைட்டுக்கு வர்ற ஒயரையே சென்சார்ல மாட்டக் கூடாது, அதுல பல்ப் வழியா 12 வோல்ட் வருது. பித்தளை டி-பீஸ் (ஒரு ஓட்டையை ரெண்டா பிரிக்கற T வடிவ இணைப்பு) போட்டு லைட் சுவிட்ச், சென்சார் ரெண்டையும் வெச்சுக்கறதுதான் நல்லது.

வம்பு வர்றது ரெண்டு இடத்துல. ஒண்ணு, மீட்டரும் சென்சாரும் ஜோடி சேரணும். ஐரோப்பிய வகை சென்சார் பிரஷர் இல்லாதப்போ 10 ஓம், முழு பிரஷர்ல 180 ஓம் பக்கம் இருக்கும், அமெரிக்க வகை நேர் எதிர், 240 ஓம்ல ஆரம்பிச்சு 33க்கு இறங்கும், ஒண்ணோட மீட்டருக்கு இன்னொண்ணோட சென்சாரை மாட்டுனா இன்ஜின் நின்னிருக்கும்போது முள் உச்சில இருக்கும். மரையும் அப்படித்தான், 1/8 அங்குல குழாய் மரைல அமெரிக்க வகைக்கு ஒரு அங்குலத்துக்கு 27 மரை, பிரிட்டிஷ் வகைக்கு 28, ஒண்ணுல இன்னொண்ணை மாட்டுனா ரெண்டு சுத்து சமத்தா போயிட்டு அப்புறம் இறுகும், அங்க ஸ்பேனரைப் போட்டு பலம் காட்டுனா இன்ஜின் பிளாக்ல இருக்கற மரை போயிடும்.

ரெண்டாவது எர்த், இதுதான் பெரிய தலைவலி. ஒத்த முனை சென்சாருக்கு எர்த் அதோட மரை வழியாத்தான் கிடைக்குது, டெஃப்லான் டேப்பை தாராளமா சுத்துனா அது கெட்டுப் போகலாம். கனமான சென்சார் அதிர்வுல டி-பீஸை உடைச்சிடும்னு சிலர் ரப்பர் ஹோஸ் போட்டு பாடில மாட்டுவாங்க, நல்ல யோசனைதான், ஆனா அப்போ எர்த் மொத்தமா அறுந்து போகுது, சென்சார் உடம்புல கிளாம்ப் போட்டு தனி எர்த் ஒயர் இழுக்கணும். மல்டிமீட்டர் ஒரு முனையை சென்சார் உடம்புல, இன்னொண்ணை பேட்டரி நெகட்டிவ்ல வெச்சா கிட்டத்தட்ட 0 ஓம் வரணும்.

முள் ஏடாகூடமா காட்டுனா அது எப்படி அசையுதுன்னு பாருங்க. இன்ஜின் சூடாக ஆக மெதுவா இறங்கி, ரேஸ் பண்ணா ஏறுச்சுன்னா பேசறது ஆயில். ஹெட்லைட் போட்ட உடனே நகந்தா அது எர்த். வளைவுல திரும்பும்போது மட்டும் விழுந்தா டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க, ஆயில் குறைஞ்சு பம்ப் காத்தை உறிஞ்சுதோ என்னவோ.

அடுத்து, இக்னிஷன் ஆன்ல, இன்ஜின் ஓடாம, சென்சார் ஒயரைக் கழட்டுங்க. 10-180 வகைன்னா முள் உச்சிக்குப் போகணும், ஒயர் முனையை ஒரு நொடி எர்த்ல தொட்டா பூஜ்யத்துக்கு வரணும். அமெரிக்க வகைல இது தலைகீழ். சரியா நடந்தா மீட்டரும் ஒயரும் நல்லா இருக்கு, தப்பு சென்சார்லயோ அதோட எர்த்லயோதான். முள் அசையவே இல்லன்னா மீட்டர் பின்னாடியே 12 வோல்ட் வருதான்னு பாருங்க, சில பழைய பிரிட்டிஷ் கார்ல மத்த மீட்டருக்கெல்லாம் 10 வோல்ட் ஸ்டெபிலைசர்லேருந்துதான் கரண்ட் வரும், புது மீட்டரை அங்க மாட்டக் கூடாது.

எல்லாம் சரியா இருந்தும் பிரஷர் கம்மியாவே காட்டுனா, மெக்கானிக்கை ஆயில் சம்ப்பை (இன்ஜின் அடில ஆயில் தேங்கற தட்டு) கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி சென்சார் இருந்த அதே ஓட்டைல ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டச் சொல்லுங்க. 1849ல யூஜின் பூர்டோன் காப்புரிமை வாங்குன வளைஞ்ச குழாய்தான் அதுக்குள்ள இருக்கு, பிரஷர் ஏறுனா குழாய் நிமிரப் பாக்கும், முள் திரும்பும், ஒயரே கிடையாது. அதுவும் அதே அளவைக் காட்டுச்சுன்னா அப்புறம் பம்ப், ரிலீப் வால்வு (பிரஷர் அதிகமானா திறக்கற வால்வு), பேரிங்னு இறங்கிப் பாக்கலாம்.