ஐகான் திறக்கவில்லை என்பதும் மென்பொருள் போய்விட்டது என்பதும் ஒன்றல்ல

சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை, "சார், சாஃப்ட்வேர் போயிடுச்சு" என்றுதான் தொடங்குகின்றன. நேரில் போய்ப் பார்த்தால் மென்பொருள் அதன் இடத்தில் பத்திரமாக இருக்கும். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட் மட்டும் திறக்க மறுக்கும், அல்லது வேறு எதையோ திறந்து காட்டும். நாம் போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவர் அதே மென்பொருளை இன்னொரு முறை நிறுவியிருப்பார். பழைய தரவு ஒரு கோப்புறையிலும் புதிய காலித் தரவு மற்றொரு கோப்புறையிலுமாகக் கணக்கு இரண்டாகப் பிரிந்து கிடக்கும். சில இடங்களில் பார்மட் செய்துவிடலாம் என்ற முடிவே எடுக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் கணினியில் ஒரு நிரலைத் திறந்துவிடும் ஐகான், ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் ஆகியவை எப்படி இயங்குகின்றன என்பதை ஓரளவு தெரிந்துகொண்டால் இந்தச் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

1995-இல் விண்டோஸ் 95-உடன் வந்த ஷார்ட்கட் என்பது மிகச் சிறிய ஒரு கோப்பு. எந்த நிரலைத் திறக்க வேண்டும், அதற்கு என்ன கூடுதல் கட்டளை கொடுக்க வேண்டும், எந்தக் கோப்புறையில் இருந்துகொண்டு அது இயங்க வேண்டும், எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்ற விவரங்கள்தான் அதில் எழுதப்பட்டிருக்கும். நிரலின் ஒரு துளிகூட அதில் இல்லை. எனவே ஷார்ட்கட்டை அழித்தால் மென்பொருள் நீங்காது; ஷார்ட்கட்டைப் பென் டிரைவில் நகலெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் மென்பொருளும் கூடப் போகாது. இரண்டாவது தவறை இன்றும் படித்தவர்களே செய்கிறார்கள். திட்ட அறிக்கையை வீட்டுக்கு எடுத்துப் போவதாக எண்ணி, அதன் ஷார்ட்கட்டை மட்டும் எடுத்துப் போனவர்கள் உண்டு.

பலர் கவனிக்காத இன்னொரு செய்தி, டெஸ்க்டாப்பில் இருப்பதும் ஸ்டார்ட் மெனுவில் இருப்பதும் டாஸ்க்பாரில் நிலையாகப் பொருத்தி ('பின்' செய்து) வைக்கப்பட்டிருப்பதும் தனித்தனிக் கோப்புகள் என்பது. ஒன்றைத் திருத்தினால் மற்றவை திருந்துவதில்லை. டெஸ்க்டாப்பில் சரியாகத் திறக்கும் நிரல் டாஸ்க்பாரிலிருந்து பழைய பதிப்பைத் திறக்கிறது என்ற புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். டாஸ்க்பாரில் இருப்பதை 'அன்பின்' செய்து நீக்கிவிட்டு, புதிதாகப் 'பின்' செய்தால் போதும்.

எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஷார்ட்கட்டின் மீது ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, நிரல் உண்மையில் இருக்கும் கோப்புறைக்குப் போய், அங்கிருந்து அதை நேரடியாகத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் பழுது ஷார்ட்கட்டில். அங்கேயும் திறக்கவில்லை என்றால்தான் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். கோப்புறை இருந்து நிரல் கோப்பு மட்டும் இல்லை என்றால், ஆன்டிவைரஸ் அதைத் தனிமைப்படுத்தியிருக்கக்கூடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மறுநிறுவலில் இறங்குவதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன், ஏனெனில் அதன் பிறகு எது முதல் பழுது, எது நாமே உண்டாக்கிய பழுது என்று பிரித்தறிய முடிவதில்லை.

ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த வகைச் சிக்கல் பல இடங்களில் வெவ்வேறு வேடங்களில் வருகிறது. கணக்கு மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் சி டிரைவில் இருந்தது. தரவு முழுவதும் சர்வரில் இருந்தது. சர்வரின் அந்தக் கோப்புறையை எல்லாக் கணினிகளிலும் இசட் டிரைவாக இணைத்திருந்தார்கள். ஒரு நாள் ஒரு கணினியில் மட்டும், மென்பொருள் திறந்தும் கம்பெனிப் பட்டியல் காலியாக வந்தது. "நேத்து வரைக்கும் இருந்த கம்பெனி எல்லாம் காணோம் சார்" என்று அங்கிருந்த பெண் பதறிப்போயிருந்தார். எக்ஸ்புளோரரில் இசட் டிரைவைத் திறந்தால் எல்லாக் கோப்புறைகளும் இருந்தன. மென்பொருளின் கண்ணுக்கு மட்டும் அவை தெரியவில்லை.

ஷார்ட்கட்டின் புராபர்ட்டீஸைத் திறந்து 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தியபோது விடை கிடைத்தது. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெட்டியில் டிக் போடப்பட்டிருந்தது. பிரிண்டர் தொல்லை ஒன்றுக்கு யாரோ சொன்ன வைத்தியம் அது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, நிர்வாகி உரிமையுடன் இயங்கும் நிரலுக்குத் தனியான லாகின் அமர்வு ஒன்று தரப்படுகிறது. நாம் வழக்கமான அமர்வில் இணைத்து வைத்திருக்கும் இசட் டிரைவ் அந்த அமர்வில் இருக்காது. ஆகவே மென்பொருளைப் பொறுத்தவரை இசட் என்று ஒரு டிரைவே கிடையாது. டிக்கை எடுத்ததும் எல்லாக் கம்பெனிகளும் திரும்பி வந்தன. இப்படிப்பட்ட அலுவலகங்களில் தரவின் பாதையாக டிரைவ் எழுத்தைக் கொடுக்காமல், சர்வரின் பெயரோடு தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுப்பதே நல்லது. அந்தப் பாதை எந்த அமர்விலிருந்து தேடினாலும் அதே இடத்தையே குறிக்கும். எந்தச் சிக்கலுக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பாருங்கள்' என்று முதல் ஆலோசனையாகச் சொல்லும் வழக்கம் இணையத்தில் வேரூன்றிவிட்டது. அது ஒரு நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் எழுதிக் கொடுப்பது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

அதே புராபர்ட்டீஸ் பலகையில் 'ஸ்டார்ட் இன்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. பழைய பாணியில் எழுதப்பட்ட பில்லிங் மென்பொருள்கள் சில, தம் தரவுக் கோப்பை அந்தப் பெட்டியில் குறிப்பிட்ட கோப்புறையில்தான் தேடும். அங்கே தவறான முகவரி இருந்தால் நிரல் திறக்கும், ஆனால் வெறுமையாகத் திறக்கும். ஷார்ட்கட்டைக் கையால் புதிதாக உருவாக்குபவர்கள் 'டார்கெட்' பெட்டியைச் சரிபார்த்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள்.

புதுக் கணினி வாங்கி, பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தவுடன் டெஸ்க்டாப் முழுவதும் வெள்ளைக் காகிதம் போன்ற ஐகான்கள் வந்து குவிவதும் அடிக்கடி கேள்விப்படும் புகார். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் பேக்கப்பில் டெஸ்க்டாப் கோப்புறையும் சேர்ந்திருந்தால், பழைய கணினியில் அந்தக் கோப்புறையில் இருந்த ஷார்ட்கட்டுகள் புதியதில் இறங்கிவிடும்; அவை சுட்டும் மென்பொருள்களோ புதியதில் இல்லை. இதை வைரஸ் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவற்றை அழிக்கும்போது, பழைய கணினி இன்னும் அதே கணக்கில் பயன்பாட்டில் இருந்தால் அதன் டெஸ்க்டாப்பிலிருந்தும் அவை மறையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மென்பொருள் சரியாகத் திறந்தும் ஐகான் மட்டும் வெள்ளையாக இருப்பது வேறு விஷயம்: விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் ஐகான் படங்களின் தொகுப்பு கெட்டுப்போயிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

சொடுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, இரண்டாவது மானிட்டர் ஏதாவது இணைத்திருந்தீர்களா என்பதைத்தான். சில நிரல்கள் தம் சாளரம் கடைசியாக எங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த இடம் கழற்றப்பட்ட மானிட்டரில் இருந்தால், நிரல் திறந்தும் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கும். டாஸ்க்பாரில் அதன் ஐகான் ஒளிர்ந்தால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அதன் மீது ரைட் கிளிக் செய்து, 'மூவ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஏதேனும் ஓர் அம்பு விசையை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை அசைத்தால் சாளரம் கூடவே வந்துவிடும். மானிட்டர் காரணமில்லை என்றால் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒருமுறை மட்டுமே திறக்கும்படி எழுதப்பட்ட நிரல், பின்னணியில் சிக்கிக்கொண்டு நின்றால், எத்தனை முறை சொடுக்கினாலும் புதிய சொடுக்கைச் சிக்கியிருக்கும் பழைய பிரதியிடமே ஒப்படைக்கும். அதை 'எண்ட் டாஸ்க்' செய்த பிறகுதான் புதிது திறக்கும்.

ஸ்டார்ட் மெனுவே திறக்காமல் போனால், விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து அது தனி நிரலாக இயங்குகிறது என்பது உதவும். டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் 'ஸ்டார்ட் மெனு எக்ஸ்பீரியன்ஸ் ஹோஸ்ட்' என்பதை நிறுத்தினால் அது தானே மீண்டும் எழும். நிறுவிய மென்பொருள் ஸ்டார்ட் மெனுவில் வரவில்லை என்பதற்கு வேறு காரணம் உண்டு. அந்தப் பட்டியல் இரண்டு கோப்புறைகளிலிருந்து திரட்டப்படுகிறது. ஒன்று எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது, மற்றொன்று அந்தந்தப் பயனருக்கு உரியது. ஊழியரின் லாகினில் இருந்துகொண்டு, நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கொடுத்து நிறுவும்போது, 'இந்தப் பயனருக்கு மட்டும்' என்ற வகை மென்பொருள்கள் நிர்வாகியின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊழியர் தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

ஷார்ட்கட்டுகள் மட்டும் கூட்டமாகக் காணாமல் போகக்கூடும் என்பதற்குப் பொதுவெளியில் பதிவான நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2023 ஜனவரி 13 அன்று, மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு வந்த புதுப்பிப்பு ஒன்றில் இருந்த பிழையால், ஆஃபீஸ் ஆவணங்களுக்குள் எழுதப்படும் சிறு நிரல்களான மேக்ரோக்களைக் கட்டுப்படுத்தும் ஒரு விதியை இயக்கியிருந்த நிறுவனங்களின் கணினிகளில் ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் இருந்த ஷார்ட்கட்டுகள் அழிந்தன. மென்பொருள்கள் எதற்கும் ஒன்றும் நேரவில்லை. மைக்ரோசாஃப்ட் பின்னர் அந்தப் புதுப்பிப்பைத் திருத்தியதோடு, பரவலாகப் பயன்படும் நிரல்களின் ஷார்ட்கட்டுகளை மீண்டும் உருவாக்கித் தரும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் வெளியிட்டது.

இதுவரை சொன்னவை தொல்லைகள். இனிச் சொல்வது ஆபத்து. ஷார்ட்கட் எந்தக் கட்டளையை வேண்டுமானாலும் சுமக்கும், எந்தப் படத்தை வேண்டுமானாலும் அணிந்துகொள்ளும். கோப்புகளின் பெயர் நீட்சியைக் காட்டும்படி நீங்கள் விண்டோஸில் அமைத்திருந்தாலும், ஷார்ட்கட்டின் 'எல்என்கே' என்ற நீட்சியை அது காட்டாது. ஆகவே மின்னஞ்சலில் வந்த ஜிப் கோப்புக்குள் 'இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்' என்ற பெயரும் பிடிஎஃப் படமும் கொண்ட ஒன்று, உண்மையில் விண்டோஸின் கட்டளை நிரலான பவர்ஷெல்லை இயக்கும் ஷார்ட்கட்டாக இருக்கலாம். ஓரத்தில் இருக்கும் சிறிய வளைந்த அம்புதான் அதைக் காட்டிக்கொடுக்கும். 2022-இல் இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கத் தொடங்கிய பிறகு, தாக்குபவர்கள் இந்த வழிக்கு அதிகம் திரும்பினார்கள்.

ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் செருகி வந்த பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. இது புழு எனப்படும், தானே பரவும் தீய நிரலின் வேலை. அந்தப் புழு உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன் ஷார்ட்கட்டை வைக்கிறது. நாம் சொடுக்கும்போது புழுவும் இயங்கும், கோப்புறையும் திறக்கும். எனவே எதுவும் நடந்ததாகத் தெரியாது. அவற்றைத் தொடாமல், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளையும், தனியாக இருக்கும் 'புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற வகையையும் காட்டச் சொன்னால் அசல் கோப்புறை வெளிப்படும். சில வகைகளில் அதன் பெயர் வெற்றிடமாக இருக்கும். பதற வேண்டாம், தரவு அதற்குள் இருக்கும். அதை ஸ்கேன் செய்து வேறிடத்துக்கு மாற்றிய பிறகு பென் டிரைவைப் பார்மட் செய்யுங்கள். பார்மட் என்ற மருந்துக்கு உரிய இடம் இதுதான்.

உலாவியைத் திறந்தவுடன் கேட்காத இணையதளம் ஒன்று வருகிறது என்றால், உலாவியின் செட்டிங்ஸை அலசுவதற்கு முன் அதன் ஷார்ட்கட்டில் 'டார்கெட்' பெட்டியைப் பாருங்கள். 'குரோம் டாட் இஎக்ஸ்இ' என்று முடிந்து, மேற்கோள் குறிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், அதை ஒட்டியது விளம்பர மென்பொருள். முகவரியை அழியுங்கள், சில நாள்களில் அது திரும்ப வந்தால், ஒட்டுகிற நிரல் இன்னும் கணினியில் இருக்கிறது என்று பொருள்.

ஆனால் இந்தப் பெட்டியைப் படிக்கும் பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பெட்டியில் ஏராளமான வெற்றிடங்களை நிரப்பி, தீய கட்டளையை நம் பார்வைக்கு அப்பால் தள்ளிவிடும் உத்தி 2017 முதலே புழக்கத்தில் இருந்ததை, கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோவின் ஜீரோ டே இனிஷியேட்டிவ் என்ற பிரிவு 2025 மார்ச் மாதத்தில் வெளியிட்டது. நம் கணினியில் நாமே வைத்த ஷார்ட்கட்டைப் பழுது பார்க்க அந்தப் பெட்டி போதும். வெளியிலிருந்து வந்த ஷார்ட்கட்டை ஆராய்ந்து பார்க்கும் வேலையே வேண்டாம்; முறையான ஆவணத்தை யாரும் ஷார்ட்கட்டாக அனுப்புவதில்லை, அழித்துவிடுங்கள்.

'உடைந்த ஷார்ட்கட்டுகளை ஒரே சொடுக்கில் சரிசெய்யும்' என்று விளம்பரப்படுத்தும் கிளீனர் மென்பொருள்களையும் நாட வேண்டாம். நெட்வொர்க் துண்டிக்கப்பட்டிருக்கும் நேரத்தில் அவற்றை ஓட்டினால், சர்வரைச் சுட்டும் நல்ல ஷார்ட்கட்டையும் உடைந்ததாகக் கருதி அழித்துவிடக்கூடும். அதைவிட, உங்கள் தொழில்நுட்பரை அழைப்பதற்கு முன் பிழைச் செய்தியையும் ஷார்ட்கட்டின் புராபர்ட்டீஸ் பலகையையும் கைபேசியில் இரண்டு படங்கள் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். 'டார்கெட்', 'ஸ்டார்ட் இன்' என்ற இரு பெட்டிகளும் முழுமையாகத் தெரியும்படி எடுங்கள்.