முந்துவது ஒன்று, நிலைப்பது ஒன்று

துணி பீரோவில் போட்டு வைக்கும் அந்துருண்டை பழைய ரகமாக இருந்தால், அது நாப்தலீன். 10 கார்பன், 8 ஹைட்ரஜன். இரண்டு அறுகோண வளையங்கள் ஒரு பக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டியிருக்கும். இதை அடர் கந்தக அமிலத்தோடு சேர்த்து 80 டிகிரி செல்சியஸில் வைத்தால் பெரும்பகுதி ஆல்பா சல்ஃபோனிக் அமிலம் கிடைக்கும். 160 டிகிரியில் வைத்தால் பெரும்பகுதி பீட்டா. போட்ட சரக்கு ஒன்றுதான், வரும் பொருள் வேறு.

ஆல்பா என்பது இரு வளையங்களும் சேரும் மூலைக்கு அடுத்த கார்பன். பீட்டா அதற்கும் அடுத்தது. கந்தக அமிலத்திலிருந்து வரும் சல்ஃபோனிக் தொகுதி (ஒரு கந்தகம், மூன்று ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன்) எந்தக் கார்பனில் போய் உட்காருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

"சூடு குறைந்தால் ஆல்பா, கூடினால் பீட்டா" என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தேன். அந்த வரி தப்பில்லை. ஆனால் இந்த வினையில் ரசிக்க வேண்டிய இடத்தை அது தாண்டிப் போய்விடுகிறது.

ஆல்பா சீக்கிரம் உருவாகும். தொகுதி வந்து ஒட்டும் கணத்தில் வளையத்தில் ஒரு நேர்மின் சுமை உண்டாகிறது. ஒட்டியது ஆல்பாவில் என்றால், பக்கத்து வளையத்தின் உறுதியான ஆறு கார்பன் பிணைப்பை, அதாவது பென்சீன் அமைப்பைக் கலைக்காமலே அந்தச் சுமை இரண்டு விதமாகப் பரவிக்கொள்ளும். பீட்டாவில் ஒரு விதம்தான். அதனால் ஆல்பா வழியில் ஏற வேண்டிய மேடு, அதாவது கிளர்வு ஆற்றல், குறைவு.

ஆனால் ஏறி இறங்கிய பிறகு கிடைக்கும் இடம் வசதியாக இல்லை. நேர் பக்கத்தில், அடுத்த வளையத்தின் 8-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று ஆக்சிஜனைச் சுமந்த பருத்த தொகுதி அதோடு இடித்துக்கொண்டேயிருக்கும். பீட்டாவில் அந்த நெருக்கடி கிடையாது.

சரி, 160 டிகிரியில் என்ன மாறுகிறது? அப்போதும் ஆல்பாதான் வேகமாக உருவாகிறது. ஆனால் வந்த மேட்டைத் திரும்ப ஏறவும் மூலக்கூறுகளுக்கு இப்போது தெம்பு இருக்கிறது. ஆல்பாவில் ஒட்டியது கழன்று நாப்தலீனாகிறது, மறுபடி ஒட்டுகிறது, மறுபடி கழல்கிறது. எப்போதாவது பீட்டாவில் ஒட்டிவிட்டால், அங்கிருந்து கழல்வது கடினம். நேரம் போகப் போக பீட்டா சேர்ந்துகொண்டே வரும். 80 டிகிரியில் செய்த கலவையையே 160-க்கு ஏற்றி வைத்தாலும் ஆல்பா மெல்ல பீட்டாவாகிவிடும். வேகமாக உருவாவது ஜெயித்தால் வேகவியல் கட்டுப்பாடு. உறுதியாக இருப்பது ஜெயித்தால் வெப்ப இயக்கவியல் கட்டுப்பாடு.

சூடு இங்கே செய்த முக்கியமான வேலை, திரும்பும் வழியைத் திறந்துவிட்டதுதான். நைட்ரோ தொகுதியை ஏற்றிப் பார்த்தால் இது விளங்கும். அதுவும் பெரும்பாலும் ஆல்பாவில்தான் ஒட்டும். ஆனால் ஒட்டினால் கழலாது. அதனால் எவ்வளவு நேரம் சூட்டில் காத்திருந்தாலும் பீட்டாவுக்கு நகராது.

பீட்டா அமிலத்துக்குத் தொழிலில் நல்ல தேவை உண்டு. அசோ எனப்படும் செயற்கைச் சாயங்களுக்கான மூலப்பொருளான 2-நாப்தாலும், கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைக்கச் சேர்க்கும் ஒருவகைக் கலவைப்பொருளும் இதிலிருந்துதான் வருகின்றன. 2-நாப்தால் தயாரிப்பில், சூடான கலவையில் மிச்சமிருக்கும் ஆல்பாவை அகற்ற நீராவியைச் செலுத்துவார்கள். பிடி லேசாக இருப்பதால் ஆல்பா கழன்று நாப்தலீனாகி, ஆவியோடு வெளியேறும். பீட்டா அசையாது. அந்த நாப்தலீனைக் குளிர வைத்துப் பிடித்து, மறுபடி கொப்பரைக்கே அனுப்பலாம்.