நியூசன்ஸ்: தொல்லையா, கேடா?

‘தொல்லை ஆய்வாளர்’. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தின் நகராட்சிகள் எப்படி இயங்கின என்று சொல்லும் ஒரு மொழிபெயர்ப்பில், போன வாரம் மறுபடியும் இது கண்ணில் பட்டது. சாக்கடை, குப்பை, கழிப்பறை என்று வீடுவீடாகச் சோதித்த நகராட்சி அதிகாரியான ‘இன்ஸ்பெக்டர் ஆஃப் நியூசன்சஸ்’ என்பவருக்கு வைத்த பெயராம். பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்தை விசாரிக்க வந்தவர் போல இல்லை?

நியூசன்ஸ் பழைய பிரெஞ்சுச் சொல். அதன் வேர், ‘கெடுதல் செய்’ என்று பொருள்படும் லத்தீன் வினை. எரிச்சல் என்ற பொருள் பிற்பாடு ஒட்டியது. சொல்லின் கதை அவ்வளவுதான்.

வேலையைப் பாருங்கள். 1921இல் ஒரு சட்டம் அவர் பதவியை ‘சானிட்டரி இன்ஸ்பெக்டர்’ ஆக்கியது. லண்டனில் அந்தப் பெயர் முன்பே உண்டு. பெயர் மாறினாலும் அலைச்சல் அதேதான். கழிவுநீர்க் குழாயின் ஒரு முனையில் புகையை ஊதிவிட்டு, வீட்டுக்குள் எந்தத் தரை இடுக்கில் அது கசிகிறது என்று பார்ப்பார். 1930களில் குடிசைப் பகுதிகளை இடித்துக் குடும்பங்களை நகராட்சி வீடுகளுக்கு மாற்றினார்கள். மூட்டைப்பூச்சியும் கூடவே குடிவந்துவிடக் கூடாதே என்று கட்டில், மெத்தையெல்லாம் ஹைட்ரஜன் சயனைடு வாயுவில் வைத்து எடுத்தார்கள். தொல்லைக்கு யாராவது சயனைடு போடுவார்களா?

இதற்குத் தமிழில் புதுச்சொல் தேடவே வேண்டாம். சாக்கடை தேங்கினால் நம் செய்தித்தாள்கள் தினமும் எழுதுவது ‘சுகாதாரக் கேடு’. சுகாதாரம் வடமொழி என்பவர்கள் ‘நலக்கேடு’ என்று எழுதட்டும், எனக்குச் சண்டையில்லை. கேடு இருந்தால் போதும். தூய தமிழ் என்று தொல்லையைப் பிடித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று: பழந்தமிழில் தொல்லை என்றால் பழமை. தொல்பொருள் ஆய்வாளரையா அனுப்பினார்கள்?

ஒரு இடத்தில் மட்டும் இறங்கிவருகிறேன். 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், குப்பைக் குவியலோ வளர்ப்பு விலங்கோ ‘உடல்நலத்துக்குக் கேடானது அல்லது நியூசன்ஸ்’ ஆக இருந்தால் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. அங்கே கேடு என்று இரண்டு முறை எழுத முடியாது, ‘இடையூறு’ எழுதலாம். சரி, ஆனால் அதற்காகப் பதவிப் பெயர் வரைக்குமா?

அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை அப்படியே ஒட்டுகிற பழக்கம்தான் இது. அதே மொழிபெயர்ப்பில், நகராட்சி மருத்துவ அதிகாரியின் ஆண்டறிக்கையில் உள்ள ‘நியூசன்சஸ் அபேட்டட்’ என்ற அட்டவணை ‘தணிக்கப்பட்ட தொல்லைகள்’ என்று வருகிறது. நிரம்பி வழியும் கழிப்பறைக் குழியை யாரய்யா தணிப்பார்கள்? அள்ளுவார்கள்.