பைக் சைலன்ஸரை வீட்டிலேயே மாற்றினால் எந்தச் சட்டம் பிடிக்கும்?

அல்சூரில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் யாராவது ஒரு பையன் பைக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். போன மாதம் அது மாடி வீட்டுப் பையன். ஜே.சி. ரோட்டில் வாங்கிய புது சைலன்ஸர் உறைகூடப் பிரிக்காமல் படிக்கட்டில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, ஆர்.சி.யில சைலன்ஸர்னு ஒரு வரியே கிடையாது. அப்புறம் எப்படி ஃபைன் போடுவாங்க?"

கேள்வி சரியான கேள்விதான். பாதி பெங்களூரு இதை நம்பித்தான் சைலன்ஸர் மாற்றுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52வது பிரிவிலிருந்து தொடங்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. மாற்றம் என்றால் என்ன என்பதற்கு அதே பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது: வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடுகிற கட்டமைப்பு மாற்றம். ஆர்.சி.யில் எஞ்சின் எண், சேஸிஸ் எண், சி.சி., எரிபொருள், நிறம் எல்லாம் இருக்கும், சைலன்ஸர் இருக்காது. ஆக, பையன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகப் படித்து, கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ‘அடிப்படை அம்சம் மாறவில்லையே’ என்பது இனி வக்கீல் வைத்துக் கோர்ட்டில் பேச வேண்டிய வாதம். டிரினிட்டி சிக்னலில் போலீஸிடம் நின்றுகொண்டு பேசினால் நேரம்தான் வீண்.

அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் திருத்தச் சட்டத்தின் தண்டனைகளும் நடைமுறைக்கு வந்தன. புதிதாகச் சேர்ந்த 182ஏ பிரிவின் 4வது உட்பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளரைப் பற்றியது. பாகங்களை மாற்றிப் பொருத்துவதும் அதில் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சைலன்ஸரோடு ஹேண்டில்பாரையும் மாற்றியிருந்தால் தனித்தனிக் கணக்கு வரலாம்.

சரி, இது மாற்றமே இல்லை என்று வாதாடி ஜெயித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தப்ப முடியாது. சைலன்ஸர் விஷயத்தில் உண்மையில் பிடிக்கிற பிரிவு 190, அதன் 2வது உட்பிரிவு. ஆர்.சி. என்ன சொல்கிறது என்பது இதற்குத் தேவையே இல்லை. பாதுகாப்பு, இரைச்சல், புகை ஆகியவற்றுக்கான வரம்புகளை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினாலே குற்றம். முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி போகும். இரண்டாம் முறை சிறைக்காலம் ஆறு மாதம் வரை. ஓட்டுகிறவர் மட்டும் இல்லை, ஓட்ட அனுமதிக்கிறவரும் இதில் வருவார். நம் வீடுகளில் பெரும்பாலும் ஆர்.சி. அப்பா பெயரில், வண்டி பிள்ளை கையில். சைலன்ஸர் எது என்று அப்பாவும் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

இவை சட்டம் சொல்லும் உச்ச வரம்புகள். வழக்கை அங்கேயே முடித்துக்கொள்ளக் கட்டும் தொகையை 200வது பிரிவின்படி அந்தந்த மாநில அரசு நிர்ணயிக்கிறது. அதனால் ஓசூரில் கட்டிய தொகையும் சில்க் போர்டில் கட்டும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. "அங்கே கம்மியா வாங்கினாங்களே" என்று இங்கே கேட்டுப் பயன் இல்லை.

எவ்வளவு சத்தம் வரை சரி? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 120வது விதி எல்லா வண்டிக்கும் சைலன்ஸர் கட்டாயம் என்கிறது. சத்த அளவுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளைப் பார்க்கச் சொல்கிறது. 2005 ஏப்ரல் முதல் தயாரிப்பு நிலையில் இருசக்கர வண்டிகளுக்கான வரம்பு இது: 80 சி.சி. வரை 75 டெசிபல், அதற்கு மேல் 175 சி.சி. வரை 77, அதற்கும் மேல் 80. புல்லட் ஆனாலும் அதைவிடப் பெரிய வண்டியானாலும் 80தான்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அந்த 80 டெசிபல் சைலன்ஸர் வாயில் அளந்தது அல்ல. திறந்த மைதானத்தில் வண்டி முறுக்கிக்கொண்டு கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக் பிடிக்கும் அளவு. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் ஒரு மீட்டரில் அளப்பதற்கும் 7.5 மீட்டரில் அளப்பதற்கும் 17 டெசிபல் போல வித்தியாசம் வரும். ஆகவே போனில் ஒரு ஆப்பைப் போட்டு, வண்டியை ஐடிலில் விட்டு, "பாருங்க சார், 78தான் காட்டுது" என்று நீட்டுவது எதையும் நிரூபிக்காது. பின்னால் ஒரு அடி தள்ளிப் பிடித்து 95 காட்டினால் அதுவும் குற்றத்தை நிரூபிக்காது. ரோட்டோரத்தில் முடிவு செய்வது பெரும்பாலும் காதும் கண்ணும்தான். கம்பெனி சைலன்ஸரின் வடிவம் டிராஃபிக் போலீஸுக்கு மனப்பாடம். இது முழுக்க நியாயமான முறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் ‘பட பட’ என்று போகும் வண்டிக்கு மீட்டர் தேவையில்லை என்பதும் உண்மை.

கடைக்காரர்கள் காட்டும் அத்தாட்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முன்பு ஒரு கடையில் வாங்கிய சைலன்ஸரின் அடிப்பக்கத்தில் ‘ஆஃப் ரோடு உபயோகத்துக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் ஸ்டிக்கர் இருந்தது. பணம் கொடுத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. திரும்பப் போய்க் கேட்டால், "எல்லாரும் இதைத்தான் போட்டு ஓட்டறாங்க, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க) என்றார். அந்த ஸ்டிக்கர் காப்பது விற்றவரை. இன்னொன்று, விலை உயர்ந்த சைலன்ஸர்களில் இருக்கும் ஐரோப்பிய ‘ஈ’ முத்திரை. அது 1958ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தின் கீழ் தரப்படுவது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை, 1998ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில்தான் சேர்ந்திருக்கிறது. பொருள் தரமானது என்பதற்கு அந்த முத்திரை நல்ல அடையாளம், ஆனால் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இங்குள்ள சோதனை நிறுவனங்களின் சான்றுக்கு அது ஈடாகாது. பைக் கம்பெனியே உங்கள் மாடலுக்கென்று, ரோட்டில் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்து விற்கும் சைலன்ஸர் இருந்தால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். அந்த பில்லையும் கடிதத்தையும் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கையில் ஸ்பேனர் எடுத்தவர்களுக்கு. எந்த போல்ட்டைக் கழற்றினால் எந்த விதியில் கை வைக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்லிப் ஆன் வகையில் பின்பக்க சைலன்ஸர் மட்டும் மாறும். கிளாம்பைத் தளர்த்தி, பிராக்கெட் போல்ட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. பல வண்டிகளில் கேட்கான் என்கிற, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், எஞ்சினிலிருந்து சைலன்ஸருக்கு வரும் பெண்ட் பைப்பிலேயே இருக்கும். அந்த மாதிரி வண்டியில் சத்தம் மட்டுமே பிரச்சினை, புகை அளவு பெரிதாக மாறாது. சில மாடல்களில் கேட்கான் சைலன்ஸருக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றினால் கேட்கானையும் சேர்த்துத் தூக்கி எறிகிறீர்கள். வாங்குவதற்கு முன்பே உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஃபுல் சிஸ்டம் வேறு கதை. எஞ்சின் ஹெட்டிலிருந்து பெண்ட் பைப்போடு எல்லாம் மாறும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் தொட வேண்டும். பழைய வண்டியில், பைப்பை ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் என்கிற திருகுக் கம்பி துரு ஏறியிருக்கும். துரு நீக்கும் ஆயிலை முந்தின இரவே அடித்து வைக்காமல் முறுக்கினால் ஸ்டட் உடைந்து ஹெட்டிலேயே நின்றுவிடும், அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும். ஜாயிண்டில் இருக்கும் பழைய பேக்கிங்கை (கேஸ்கட்டை) மறுபடி போடாதீர்கள். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 என்ற புகை வரம்புக்கு உட்பட்ட வண்டி என்றால் பெண்ட் பைப்பில், புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஓ2 சென்சார் இருக்கும். அதன் ஒயரை வெட்டாமல் கழற்றி, புதுப் பைப்பில் அதற்கான துளை இருந்தால் மட்டும் பொருத்துங்கள். துளை இல்லாத பைப்பைப் போட்டால் எஞ்சின் லைட் எரியும், பெட்ரோல் கலவை குழம்பும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் டப் டப் என்று வெடிக்கும். அந்த வெடிச் சத்தத்துக்காகவே சிலர் இதைச் செய்கிறார்கள் என்பது தனி வருத்தம். முடித்ததும் ஜாயிண்டில் கசிவு பார்க்கத் தெருவிலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சத்தத்தைக் குறைக்க சைலன்ஸர் வாயில் செருகியிருக்கும் டிபி கில்லர் என்ற சின்னக் குழாயை ஒரு ஸ்க்ரூவில் கழற்றிவிடலாம். அது உள்ளே இருக்கும் வரை வரம்பை ஒட்டி இருக்கும் சைலன்ஸர்கூட, கழற்றிய நிமிடம் 190வது பிரிவுக்குள் போய்விடும். புகையை சைலன்ஸர் வழியாக விடாமல் நடுவிலேயே வெளியே திறந்துவிடும் கட் அவுட் வைத்தால் அதற்குத் தனியாக 194எஃப் பிரிவு: முதல் முறை 1,000 ரூபாய், அடுத்து 2,000.

எமிஷன் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டதே என்பார்கள். பெட்ரோல் பங்கில் எடுக்கும் அந்த டெஸ்ட், ஐடிலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோ கார்பனும் எவ்வளவு என்று மட்டும்தான் பார்க்கும். சத்தத்தை அளக்கவே அளக்காது. கேட்கான் இல்லாத வண்டி அதிலும் தவறக்கூடும், எமிஷன் சான்று இல்லாமல் ஓட்டினால் அதுவும் அதே 190வது பிரிவுதான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்தில் உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான கிளெய்மில் அவர்கள் தகராறு செய்ய இடம் கிடைக்கும். எஞ்சின் வாரண்டிக்கும் இதே கதிதான்.

190வது பிரிவு பொது இடத்தைப் பற்றியது. ரேஸ் டிராக் வேறு. இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை செட்டிபாளையத்துக்கோ டிராக் டேவுக்கு, அதாவது சொந்த பைக்கை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, போகிறவர்கள் அந்த சைலன்ஸரைப் பையில் கொண்டுபோய் அங்கே மாட்டி, திரும்பும்போது கழற்றிவிடலாம். கம்பெனி சைலன்ஸரை எந்தக் காரணத்துக்காகவும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். மாடி வீட்டுப் பையன் ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுக்க இருந்தான், அவன் அம்மாதான் பிடுங்கி வைத்தார்.

ஃபைன் விழுந்துவிட்டால் பெங்களூரு ஒன் என்ற அரசுச் சேவை மையத்தில் கட்டலாம். கட்டிய ரசீது அன்றைய குற்றத்துக்கு மட்டும்தான், அதை வைத்துக்கொண்டு மறுநாளும் அதே சைலன்ஸரோடு ஓட்ட முடியாது. பிடித்தால் இரண்டாம் முறைக் கணக்கு. அன்று சாயங்காலமே பழைய சைலன்ஸரை மாட்டிவிடுங்கள்.