ஒரு சக்கரம், மூன்று வேலை

ஃபவுன் என்ற ஜெர்மன் குழுவின் பாட்டைக் கேட்டால் குரல்களுக்கு அடியில் ஒரு ரீங்காரம் ஓயாமல் ஓடும். அதன் மேல் ஒரு மெட்டு. நடுநடுவே ‘ஜ்ர்ர், ஜ்ர்ர்’ என்று தாளம். மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று தோன்றும். வாசிப்பவர் ஒருவர்தான், வாத்தியமும் ஒன்றுதான். அதன் பெயர் ஹர்டி-கர்டி.

மடியில் வைத்துக்கொள்ளும் மரப்பெட்டி. வலது கையால் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு மரச்சக்கரம் சுழலும். அதன் விளிம்பில், வயலின் வில்லுக்குப் பூசும் அதே ரோசின் என்ற பிசின். அந்தப் பிசுபிசுப்பில் தந்தி ஒட்டிக்கொண்டு சக்கரத்தோடு கொஞ்சம் நகரும், இழுவிசை மிஞ்சியதும் பிடி விட்டு வழுக்கித் திரும்பும், மறுபடி ஒட்டும். 220 ஹெர்ட்ஸ் ஸ்வரம் என்றால் இது நொடிக்கு 220 முறை நடக்கிறது. வயலினிலும் இதேதான். ஆனால் வில்லுக்கு முனை உண்டு, திரும்பியாக வேண்டும். சக்கரத்துக்கு முனை ஏது? நாதம் அறுவதே இல்லை.

சக்கரம் படும் இடத்தில் தந்தியைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு இருக்கும். குறைந்தால் கீச்சிடும், கூடினால் மழுங்கும்.

மெட்டுக்கு இடது கை. கட்டையை அழுத்தினால் சிறு மரத்துண்டு தந்தியைப் பக்கவாட்டில் தொட்டு, அதிரும் நீளத்தைக் குறைக்கும், ஸ்வரம் ஏறும். விரலை எடுத்தால் கட்டை தன் எடையாலேயே கீழே விழும், ஸ்பிரிங் வேண்டாம். கட்டை தொடாத தந்திகள் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தாளம்தான் எனக்குப் பிடித்த பகுதி. சுருதித் தந்திகளில் ஒன்றுக்கு மட்டும் தனிக் குதிரை, அதாவது தந்தியைத் தாங்கும் சிறு மரத்துண்டு. அதன் ஒரு கால் ஊன்றி நிற்கும், இன்னொன்று பெட்டியின் மேற்பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். சீராகச் சுற்றும்வரை அது சும்மா இருக்கும். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் சக்கரம் கணநேரம் வேகமெடுக்கும், தந்தியின் அதிர்வு பெருகும், அந்தக் கால் பலகையில் படபடவென்று அடிக்கும். எவ்வளவு வேகத்தில் அது கிளம்ப வேண்டும் என்பதை ஒரு சிறு முளையைத் திருகி வைத்துக்கொள்ளலாம். மற்ற வாத்தியத்தில் இப்படிக் குதிரை ஆடினால் பழுதுபார்க்கக் கொடுத்துவிடுவோம்!

ஒரு வேடிக்கை. ஃபவுன் போன்ற குழுக்களின் பாணிக்கு ‘பேகன் ஃபோக்’ என்று பெயர். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பாவைப் பாடுவதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஹர்டி-கர்டியின் மூதாதையான ஆர்கனிஸ்ட்ரமோ ஸ்பெயினில், சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்ற ஊரின் கிறிஸ்தவப் பேராலய வாசலில் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பமாக இருக்கிறது. இருவர் மடியில் கிடக்கிறது, வாசிக்க இருவர் தேவைப்பட்ட காலம் அது. பேகன் காலத்து வட ஐரோப்பாவின் மெட்டுகளுக்கோ சுரக்குறிப்பே கிடையாது. பழைய வரிகள் ஏட்டில் கிடைக்கின்றன, இசையை இவர்களேதான் அமைத்துக்கொள்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, நன்றாகவே அமைக்கிறார்கள்.